பள்ளிக் கால்பந்து வீரர்களுக்கான திறன் தேர்வுகள்

பள்ளிக் கால்பந்து வீரர்களுக்கான திறன் தேர்வு என்பது, ஓர் அணியிலோ விளையாட்டு விடுதியிலோ பயிற்சி மையத்திலோ சேர்ப்பதற்காகப் பள்ளி வயது வீரர்களை வரவழைத்து, ஓடவும் ஆடவும் விட்டுப் பார்த்துத் தெரிவு செய்யும் நிகழ்வு ஆகும். பேச்சு வழக்கில் இது 'செலக்‌ஷன்' அல்லது 'டிரயல்ஸ்' எனப்படுகிறது. தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித்துறை, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், கால்பந்துச் சங்கங்கள், தொழில்முறைக் கழகங்கள், தனியார் பயிற்சி மையங்கள் எனப் பலரும் இத்தகைய தேர்வுகளை நடத்துகின்றனர். பெயரளவில் எல்லாம் ஒன்றுபோல் தோன்றினாலும், அவை கொண்டு சேர்க்கும் இடங்கள் வேறு வேறு. ஒரு தேர்வின் மதிப்பு அதன் பெயரிலோ நடக்கும் ஊரிலோ இல்லை. அதில் தேறியவருக்கு அடுத்த படியாக என்ன கிடைக்கிறது என்பதிலேயே உள்ளது.

கன்னியாகுமரி மாவட்டப் பின்னணி

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரை ஊர்களில் கால்பந்து பரவலாக ஆடப்படும் விளையாட்டாகும். குளச்சல், குறும்பனை, இனயம், தூத்தூர் எனக் கடலோரம் நெடுகிலும் மாலை நேரங்களில் மணலில் சிறுவர்கள் பந்தாடுவதைக் காணலாம். தூத்தூர் பகுதியிலுள்ள இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டி அணிக்காக ஐ-லீக் தொடரில் ஆடி, பின்னர் ஜாம்ஷெட்பூர், ஏ.டி.கே. ஆகிய அணிகளுக்காக இந்தியன் சூப்பர் லீக் தொடரில் ஆடினார். 2019-20 பருவத்தில் ஏ.டி.கே. அணி அத்தொடரை வென்றபோது அவர் அந்த அணியில் இருந்தார்.

இத்தகைய முன்னோடிகளால் கருங்கல், மார்த்தாண்டம், குளச்சல் பகுதிப் பள்ளிகளில் கால்பந்தைத் தொழிலாக எண்ணிப் பார்க்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பெரிய தேர்வுகள் பலவும் சென்னையிலோ வெளிமாநிலங்களிலோ நடக்கின்றன. கருங்கலில் இருந்து சென்னை சுமார் 700 கி.மீ. தொலைவு. குழித்துறையிலோ நாகர்கோவிலிலோ இரவு ரயில் ஏறி, மாணவரும் உடன் செல்பவரும் போய் வருவதற்கு ஆகும் செலவு ஒரு தினக்கூலிக் குடும்பத்திற்குச் சிறியதல்ல. செலவைவிடப் பெரிய இழப்பு காலம். வயதுப் பிரிவு கடந்துவிட்டால் அந்த வாய்ப்பு திரும்ப வராது. எனவே எந்தத் தேர்வுக்குப் போவது, எதை விட்டுவிடுவது என்ற முடிவு முக்கியமாகிறது.

தேர்வு வழிகள்

1. பள்ளி விளையாட்டுப் போட்டிகள்

பெரும்பாலான மாணவர்களுக்கு முதல் வழி இதுவே. குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்ற படிகளில் பள்ளிக் கல்வித்துறை போட்டிகளை நடத்துகிறது. 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் எனப் பிரிவுகள் உண்டு. மாநிலப் பள்ளி அணிக்குத் தேர்வாகும் மாணவர், இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் தேசியப் போட்டியில் ஆடுவார். இக்கூட்டமைப்பு 1954 முதல் இயங்கி வருகிறது. இந்த வழியில் சேர உடற்கல்வி ஆசிரியரை அணுகினால் போதும்.

சுப்ரதோ கோப்பை இதிலிருந்து சற்று வேறுபட்டது. இந்திய விமானப்படையின் ஆதரவில் 1960 முதல் நடைபெறும் இப்போட்டியில் பள்ளிகள் தங்கள் சொந்த அணியாகவே பங்கேற்கின்றன. ஆகவே பள்ளி அணி வலுவாக இருந்தால்தான் மாணவர் மேலே செல்ல முடியும். பள்ளி அணி வலுவில்லாத ஊரில் உள்ள திறமையான மாணவருக்கு அணித் தேர்வு உள்ள வழிகளே பொருத்தமானவை.

2. கால்பந்துச் சங்கங்களின் தேர்வுகள்

மாவட்டக் கால்பந்துச் சங்கம், தமிழ்நாடு கால்பந்துச் சங்கம், அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு என்பது இந்த வழியின் வரிசை. மாவட்ட அணியில் ஆடிச் சிறந்து விளங்குவோர் மாநில சப்-ஜூனியர், ஜூனியர் அணிகளுக்கான தேர்வு முகாம்களுக்கு அழைக்கப்படுவர். மாநில அணியில் இடம் பெற்றால் தேசிய வாகையர் போட்டியில் ஆடலாம். கூட்டமைப்பின் மையப் பதிவு முறையில் பெயர் பதிந்து அடையாள எண் பெறுவது இந்த வழிக்கு அவசியம். பல்வேறு வயதுப் பிரிவினருக்கான இளையோர் லீக் போட்டிகளையும் கூட்டமைப்பு நடத்துகிறது. ஒரே நாள் தேர்வைக் காட்டிலும், பல வாரங்கள் நடக்கும் லீக் போட்டிகளில் ஒரு வீரரைப் பயிற்சியாளர்கள் நன்கு எடைபோட முடிகிறது.

3. அரசு விளையாட்டு விடுதிகள்

1992இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாநிலத்தின் பல ஊர்களில் விளையாட்டு விடுதிகளை நடத்துகிறது. தங்குமிடம், உணவு, சீருடை, பயிற்சி, போட்டிச் செலவு ஆகியவற்றை அரசே ஏற்கிறது. மாணவர்கள் அருகிலுள்ள பள்ளியில் படிப்பைத் தொடர்வர். பொதுவாக 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் சேர்வோருக்கே இத்தேர்வு நடைபெறும். ஆணையத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வழக்கமாகக் கோடை விடுமுறையை ஒட்டி அறிவிப்பு வரும். மாவட்ட அளவிலும் மாநில அளவிலும் தேர்வுகள் இருக்கும். நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் நேரில் விசாரித்துக் கொள்ளலாம்.

10, 12ஆம் வகுப்புகளில் சேர்க்கை வழக்கமாக இல்லை என்பதைப் பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டும். 9ஆம் வகுப்பில் வாய்ப்பைத் தவறவிட்டவர் 11ஆம் வகுப்பு வரை காத்திருக்க நேரும்.

விடுதி வழி எவ்வளவு தூரம் கொண்டு செல்லும் என்பதற்கு ஹாக்கியில் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. அரியலூரைச் சேர்ந்த எஸ். கார்த்தி, கோவில்பட்டி விடுதியில் பயிற்சி பெற்று, 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடினார். அதே விடுதியில் பயின்ற கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் அந்த அணியில் இடம் பெற்றார்.

4. முதலமைச்சர் கோப்பையும் கேலோ இந்தியாவும்

முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பள்ளி மாணவர்களுக்குத் தனிப் பிரிவு உள்ளது. மாவட்ட அளவில் தொடங்கி மாநில அளவில் முடியும் இப்போட்டிகளில் வெற்றி பெறுவோருக்குப் பரிசுத் தொகை உண்டு. சொந்த மாவட்டத்திலேயே தொடங்குவதால் செலவு குறைவு. வெளிப் பயிற்சியாளர்களின் பார்வையும் கிடைக்கும்.

கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகள் 18 வயதுக்குட்பட்டோருக்கானவை. 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நகரங்களில் இவை நடைபெற்றபோது தமிழ்நாடு 98 பதக்கங்களுடன் இரண்டாமிடம் பெற்றது. இதற்கு நேரடியாக விண்ணப்பித்துச் செல்ல முடியாது; மாநில அணியில் இடம் பெற்றவரே ஆட முடியும். 'கேலோ இந்தியாவுக்கு நேரடித் தேர்வு' என்று யாரேனும் பணம் கேட்டால் ஐயப்பட வேண்டும்.

5. கழகங்களும் பயிற்சி மையங்களும்

தொழில்முறைக் கழகங்கள் தங்கள் இளையோர் அணிகளுக்குத் திறந்த தேர்வுகளை அறிவிப்பதுண்டு. நவி மும்பையில் இயங்கும் ரிலையன்ஸ் அறக்கட்டளையின் பயிற்சி மையம் போன்ற சில, தேர்வாகும் சிறுவர்களுக்கு முழு உதவித்தொகையுடன் படிப்பும் பயிற்சியும் அளிக்கின்றன. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிஃபாவுடன் இணைந்து 2023 நவம்பரில் புவனேசுவரத்தில் ஒரு திறன் வளர் மையத்தைத் தொடங்கியது. மாதக் கட்டணம் வாங்கும் தனியார் மையங்களும் பல உள்ளன. கூட்டமைப்பு பயிற்சி மையங்களை ஆய்வு செய்து தர அங்கீகாரம் அளிக்கிறது. அந்தப் பட்டியலில் மையத்தின் பெயர் உள்ளதா என்று பார்ப்பது முதல் வேலை.

சான்றிதழின் மதிப்பு

எல்லோரும் தொழில்முறை வீரராக முடியாது. விளையாட்டு வழியே கல்லூரி இடமோ அரசு வேலையோ பெறுவதும் பலரின் நோக்கமாகும். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கென 500 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. மாநில அரசுப் பணிகளில் 3 விழுக்காடு ஒதுக்கீடு உள்ளது. இவற்றில் எந்தப் போட்டியின் சான்றிதழ் எந்த முன்னுரிமை பெறும் என்பது அந்தந்த ஆண்டின் தகவல் குறிப்பேட்டில் தரப்பட்டிருக்கும்.

மத்திய அரசுப் பணிகளுக்கு 1980 முதல் சான்றிதழ்ப் படிவங்கள் வழக்கில் உள்ளன. அவற்றில் நான்கு வருமாறு:

படிவம் 1: பன்னாட்டுப் போட்டியில் இந்தியாவுக்காக ஆடியவர். தேசியக் கூட்டமைப்பு வழங்கும்.
படிவம் 2: தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியவர். மாநிலச் சங்கம் வழங்கும்.
படிவம் 3: பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவர். பல்கலைக்கழகம் வழங்கும்.
படிவம் 4: தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டியில் மாநிலப் பள்ளி அணிக்காக ஆடியவர். மாநிலக் கல்வித்துறை வழங்கும்.

இந்த நான்கையும் கவனித்தால் ஓர் உண்மை தெளிவாகும். அழைப்பின் பேரில் நடக்கும் கோப்பைப் போட்டி, தனியார் அமைப்பு நடத்தும் 'தேசிய' போட்டி ஆகியவற்றுக்கு இவற்றில் இடமே இல்லை. அங்கீகாரம் பெறாத அமைப்பு நடத்தும் போட்டி வெளிநாட்டில் நடந்தாலும் அது இந்தியாவுக்காக ஆடியதாகாது. அண்டை நாட்டுக்குச் சென்று நான்கு நாள் ஆடிவிட்டுப் பதக்கத்துடன் திரும்பும் மாணவர், பின்னாளில் கல்லூரிச் சேர்க்கையின்போதுதான் அந்தச் சான்றிதழ் செல்லாது என்று அறிந்துகொள்கிறார். அதற்குள் பணமும் இரண்டு மூன்று ஆண்டுகளும் போயிருக்கும்.

போட்டியை நடத்தும் அமைப்பு மத்திய இளைஞர் நலன், விளையாட்டு அமைச்சகத்தின் அங்கீகாரம் பெற்ற தேசியக் கூட்டமைப்போடு இணைந்ததா என்பதை அமைச்சகப் பட்டியலிலும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலும் சரிபார்க்கலாம்.

வயதுக் கணக்கு

தேர்வு அறிவிப்பில் முதலில் படிக்க வேண்டியது வயது வரம்புத் தேதி. ஜனவரி 1 வரம்புத் தேதி என்று கொள்வோம். ஒரே ஆண்டில் ஜனவரியில் பிறந்தவரும் டிசம்பரில் பிறந்தவரும் ஒரே பிரிவில் வருவர். இருவருக்கும் இடையே ஏறத்தாழ ஓராண்டு வளர்ச்சி வேறுபாடு இருக்கும். 13, 14 வயதில் இது உயரத்திலும் வேகத்திலும் நன்றாகவே தெரியும். உலகம் முழுவதும் இளையோர் கால்பந்து அணிகளில் ஆண்டின் முற்பகுதியில் பிறந்தவர்கள் மிகுதியாக இடம் பெறுவதை ஆய்வாளர்கள் 'ஒப்பு வயது விளைவு' என்று குறிப்பிடுகின்றனர்.

இதிலிருந்து இரண்டு செய்திகளை அறியலாம். ஆண்டின் பிற்பகுதியில் பிறந்த, உடல் வளர்ச்சி சற்றுப் பிந்திய மாணவர் 14 வயதுப் பிரிவில் தேர்வாகாமல் போனால், அது திறமைக் குறைவு என்று முடிவு கட்டக்கூடாது. அடுத்து, 17 வயதுப் பிரிவு போன்ற நீண்ட பிரிவுகளில் முதல் ஆண்டை அனுபவத்துக்கும் கடைசி ஆண்டைத் தேர்வுக்குமாக வைத்துக்கொள்வது நல்ல திட்டமாகும்.

வயதைக் குறைத்துக் காட்டுவது பெரும் தவறு. எலும்பு வளர்ச்சியை எக்ஸ்-ரே மூலம் பார்க்கும் மருத்துவச் சோதனைகள் நடைமுறையில் உள்ளன. பிடிபட்டால் தடை விதிக்கப்படும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு ஆகிய மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று தேர்வுக்குப் பல மாதங்களுக்கு முன்பே பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். ஓர் எழுத்து வேறுபாட்டால் வாய்ப்பு நழுவக்கூடாது.

தேர்வுக்குப் போகும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

ஓர் அறிவிப்பு கைக்கு வந்ததும் கீழ்க்காணும் கேள்விகளுக்கு விடை தேடுவது நல்லது.

நடத்துபவர் யார்? வாட்ஸ்அப்பில் வந்த படத்தை மட்டும் நம்பாமல், அந்தக் கழகத்தின் அல்லது சங்கத்தின் சொந்த இணையதளத்தில் அறிவிப்பு உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

தேர்வானால் என்ன கிடைக்கும்? விடுதி இடமா, அணியில் இடமா, உதவித்தொகையா, அல்லது 'அடுத்த கட்டத் தேர்வுக்கு' இன்னொரு கட்டணமா?

மொத்தச் செலவு எவ்வளவு? பதிவுக் கட்டணம், பயணம், தங்கல், பின்னர் வரும் மாதக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

எத்தனை பேர் வருவர், எத்தனை நிமிடம் ஆட விடுவர்? நூற்றுக்கணக்கானோர் வரும் ஒருநாள் தேர்வில் ஒருவருக்குப் பத்து நிமிடம் கிடைப்பதே அரிது.

படிப்பு என்ன ஆகும்? விடுதியோ மையமோ எந்தப் பள்ளியில் சேர்க்கும், எந்தப் பாடத்திட்டம், எந்தப் பயிற்று மொழி என்பதைக் கேட்டறிய வேண்டும். பொதுத் தேர்வு எழுதும் ஆண்டில் இடம் மாறுவது கடினம்.

பிள்ளையின் பாதுகாப்பு எப்படி? பெண்கள் தங்கும் இடத்தில் பெண் காப்பாளர் உண்டா, பெற்றோர் எப்போது வந்து பார்க்கலாம் என்பவற்றைத் தயங்காமல் கேட்கலாம். முறையான நிறுவனம் இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்காது.

எடுத்துக்காட்டாக, கருங்கல் பகுதியில் 8ஆம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவரைக் கொள்வோம். அவர் முதலில் பள்ளி அணியில் சேர்ந்து குறுவட்ட, மாவட்டப் போட்டிகளில் ஆட வேண்டும். மாவட்டச் சங்கத்தின் வயதுப் பிரிவு அணிக்கான தேர்விலும் கலந்துகொள்ளலாம். இரண்டுக்கும் பெரும் செலவில்லை. கோடையில் 9ஆம் வகுப்புச் சேர்க்கைக்கான அரசு விடுதித் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். மாவட்ட அணியில் இடம் பெறும் அளவுக்கு முன்னேறிய பிறகு, கழகங்களின் தேர்வுகளில் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ தேர்ந்துகொண்டால் போதும். மாவட்ட அணியில் இன்னும் இடம் பெறாத நிலையில் கடன் வாங்கி வெளிமாநிலத் தேர்வுக்குப் போவதால் பெரும்பாலும் பயனில்லை.

மாநில அளவில் தேறி, பயணச் செலவுக்கு வழியில்லாதோர் 2023இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கு உதவி கேட்டு விண்ணப்பிக்கலாம்.

மாணவியருக்கான வாய்ப்புகள்

பெண்கள் கால்பந்தில் தமிழ்நாடு வலுவான மாநிலமாகும். தேசிய மகளிர் வாகையர் பட்டத்தை 2018இலும் 2023இலும் தமிழ்நாடு வென்றது. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூரைச் சேர்ந்தவர். மாணவியர் அணி இல்லாத பள்ளியில் படிப்பவர், மாவட்டச் சங்கத் தேர்வையும் அரசு விடுதித் தேர்வையும் முதன்மையாகக் கருதலாம். ஐந்தாறு பேர் ஆர்வமாக இருந்தால் தலைமையாசிரியரிடம் கேட்டுப் பள்ளியிலேயே அணி தொடங்கவும் முயலலாம்.

தேர்வில் கவனிக்கப்படுபவை

கோல் அடிப்பதை மட்டும் பயிற்சியாளர்கள் பார்ப்பதில்லை. வரும் பந்தை முதல் தொடுதலில் அடக்குவது, பந்து காலில் இல்லாதபோது இடம் பார்த்து நகர்வது, பந்தை இழந்தவுடன் திரும்ப ஓடுவது, இரு கால்களையும் பயன்படுத்துவது, சக வீரரிடம் பேசி ஆடுவது ஆகியவை கவனிக்கப்படுகின்றன. மாணவர் தாம் ஆடும் இடத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

கடற்கரை மாணவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு உண்டு. மணலில் வெறுங்காலுடன் ஆடுவதால் கால் வலுவும் பந்துக் கட்டுப்பாடும் வளர்கின்றன. ஆனால் தேர்வுகள் புல்தரையிலோ செயற்கைத் தரையிலோ பூட்ஸ் அணிந்து நடக்கும். பந்து அங்கே வேகமாக ஓடும், துள்ளலும் வேறு. மேலும் ஊர்ப் போட்டிகள் பல ஐந்து பேர், ஏழு பேர் ஆட்டங்களாக இருப்பதால், பதினொருவர் ஆட்டத்தின் இட ஒழுங்கு பழகாமல் போகிறது. தேர்வுக்கு ஓரிரு மாதம் முன்பிருந்தே பூட்ஸ் அணிந்து முழு மைதானத்தில் ஆடிப் பழகுவது அவசியம். புதிய பூட்ஸைத் தேர்வு நாளில் முதன்முதலாக அணிந்தால் காலில் கொப்புளம்தான் மிஞ்சும்.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிப் பேஸ்பால் வீரர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. அங்கே 'ஷோகேஸ்' எனப்படும் கட்டணத் திறன்காட்டு நிகழ்வுகளில் மாணவர்கள் 60 கெஜ ஓட்டம் ஓடியும் பந்தெறிந்தும் மட்டையடித்தும் கல்லூரிப் பயிற்சியாளர்களின் கவனத்தைப் பெற முயல்கின்றனர். கல்லூரிகள் தம் வளாகத்திலேயே முகாம்களும் நடத்துகின்றன. எல்லா நிகழ்வுகளுக்கும் ஓடாமல், தாம் சேர விரும்பும் கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் வரும் நிகழ்வுகளை மட்டும் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதே அங்குள்ள மாணவர்களுக்கும் பொருந்தும் விதி. பார்க்க ஆளில்லாத இடத்தில் எவ்வளவு நன்றாக ஆடினாலும் பயன் குறைவு.

தேர்வாகாதபோது

எந்தத் தேர்விலும் தேறுவோரைவிடத் தேறாதோரே அதிகம். தேறாத மாணவர் நடுவர் குழுவினரிடமோ பயிற்சியாளரிடமோ எதில் குறை என்று பணிவாகக் கேட்டறிந்தால், அடுத்த ஓராண்டுப் பயிற்சிக்கு அது வழிகாட்டியாக அமையும். கல்லூரியில் சேர்ந்த பிறகும் பல்கலைக்கழக அணிக்கான வாய்ப்பு உண்டு. அதுவும் மேலே கண்ட படிவங்களில் ஒன்றைப் பெற்றுத் தரும். காவல்துறை, ரயில்வே, ராணுவம் ஆகியவற்றின் அணிகளும் கல்லூரி வயதினரைச் சேர்த்துக்கொள்கின்றன.

ஆகவே 14 வயதில் ஒரு செலக்‌ஷனில் பெயர் வராததற்காகப் படிப்பை விடுவதோ பந்தை விடுவதோ தேவையற்றது. அந்த ஆண்டின் மாவட்டப் போட்டிகளில் தொடர்ந்து ஆடுவதும், சான்றிதழ்களை முறையாகப் பெற்று ஒரு கோப்பில் சேர்த்து வைப்பதும், அடுத்த அறிவிப்பின் வயது வரம்பைக் கணக்கிட்டு வைப்பதுமே அவர் செய்ய வேண்டியவை.